மேகத்துக்கு ஒரு படலை

களுவாஞ்சிகுடிச் சந்தியில் மாடிக் கந்தோர்.
கீழே பேக்கரி, பணிஸ் வேகும் வாசம்.
கணக்குத் திறக்கிறேன்.

பெயர் கேட்டது. வங்கி அட்டை கேட்டது,
ஒரு டொலரைப் பிடித்து
பிறகு விடுவேன் என்றது.
என்ட அட்டைதான். திட்டத்துக்கு இன்னும் காசு வரவில்லை.
ரகசிய இலக்கம் போனுக்கு வருமாம்.
மொட்டைமாடிக்கு ஏறி
தண்ணித் தாங்கியில் சாய்ந்து
வாவிப் பக்கம் கையை நீட்டினேன்.
ஆறு இலக்கம் வந்து விழுந்தது.
ஓடி இறங்குவதற்குள் காலாவதி.

மறுகா ஒருமாதிரித் திறந்தது.
எந்த ஊரில் வைக்க என்று கேட்டது.
பட்டியலில் மட்டக்களப்பு இல்லை, கொழும்பும் இல்லை.
மும்பாயை அமத்தினேன்.
பாலையடிவட்டையின் இரவுகள்
இனி அங்கே கிடக்கும்.

மரங்களில் கட்டிய பதினொரு கமரா.
எது அசைந்தாலும் படம் எடுக்கும்.
மேகத்தில் இருக்கிற ஒன்று பார்த்துச் சொல்லும்:
யானை, தொண்ணூற்றாறு வீதம்.
மாடு, எழுபத்தொன்று.
வெருளியைப் பார்த்து
மனிதன், எண்பத்தெட்டு என்றது.
யானை என்றால் ஊருக்குக் குறுஞ்செய்தி போகும்,
வெடியோடு ஆக்கள் ஓடுவார்கள்.
அதுதான் திட்டம்.

இனி ஆக்களுக்கு அனுமதி.
முதல் கணக்குக்காரர் எல்லாம் செய்யலாம்,
ஆகையால் அதைப் பூட்டிவிட்டு
ஒன்றும் செய்யாமல் இரு என்கிறது வழிகாட்டி.
துஷாளினி பார்க்கலாம், அழிக்கேலாது.
நௌசாத் ஏற்றலாம், பார்க்கேலாது.
பணிப்பாளர் சந்திரநேசன்
தனக்கு எல்லாம் வேணும் என்றார்.
எல்லாம் என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி.
போட்டேன்.

யார், எதை, எங்கே.
ஒவ்வோர் அனுமதிக்கும் இந்த மூன்றும் எழுத வேண்டும்.
மண்முனைத் துறையில், பாலம் இல்லாத காலம்,
பாதைக்கு நின்ற அப்பாவிடம்
இதே மூன்றைத்தான் கேட்டார்கள்.
நான் சைக்கிள் கரியரில் இருந்தேன்.
சரியாகச் சொல்லியும் அன்றைக்குப் போகவிடவில்லை.
அதை நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை,
அனுமதி மறுக்கப்பட்டது என்று திரை சிவந்தது.
ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு.

முதல் இரவின் படங்களை ஏற்றிப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
யானை மூன்று, முயல் ஒன்று, ஆட்காட்டி,
காற்றில் ஆடிய ஒரே கொப்பு இருநூறு தரம்.
ஏழாம் கமரா, இரண்டு மணி பதினேழு நிமிடம்:
மனிதன், தொண்ணூற்றொன்பது.

கோணாமலையர். வட்டைக்குக் காவல்.
வரம்பில் குந்தியிருந்து
சேட்டைக் கழற்றி, அதன் நுனியை
வாய்க்குள் திணித்தபடி அழுகிறார்.
அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.
பதினாறு படம்.
மேகம் மேலும் விபரம் தந்தது:
ஆண், வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபத்துமூன்றுக்கும் இடையில்.
முகபாவம், மகிழ்ச்சி.

காலையில் பேக்கரி வாசலில் அவரைக் கண்டிருந்தேன்.
இரவு யானை வந்ததா என்று கேட்டேன்.
"ஒண்டும் வரல்ல மனே, நல்ல நித்திரை" என்று
அரை றாத்தல் பாணோடு போனார்.
மூன்று யானையையும் அவர் காணவில்லை.

வழிகாட்டியின் அடியில் ஒரு வரி கிடந்தது:
ஆயிரம் அனுமதி எழுதியிருந்தாலும்
ஒரு மறுப்பு எழுதினால்
மறுப்பே வெல்லும்.
இரண்டு தரம் வாசித்தேன்.
பிறகு எழுதினேன்.
மனிதன் என்று வந்த படம் எதுவும்
யாருக்கும் திறக்காது.
யாருக்கும் என்பதற்கு அதே நட்சத்திரம்,
அதற்குள் நானும்.

பின்னேரம் சந்திரநேசன் எடுத்தார்.
ஏழாம் கமராவில் சில படம் திறக்குதில்லையே, பிள்ளை.
காற்புள்ளிப் பிழை சேர், பார்க்கிறேன் என்றேன்.

வெருளியும் இப்போது
ஒருவர் கண்ணுக்கும் படாமல் நிற்கிறது.